மாமனார் எனக்கு எதிராகச் செய்த ஜெபம்

ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஆனால் கோபத்திலிருந்துதான் தொடங்க முடியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஹெலிகாப்டர் பைலட். கடலுக்கு நடுவே இருக்கும் எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்வது என் வேலை. குடும்பம் மதுரை காளவாசலில். கடந்த மே மாதம் கிடைத்த விடுமுறை முழுவதையும் இமயமலையில் பறக்கும் பயிற்சிக்கு ஒதுக்கினேன். வெள்ளம், நிலச்சரிவு வந்தால் மலையில் சிக்கியவர்களை மீட்கப் போக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. மனைவி ஜெபா, "பிள்ளைகளுக்கு லீவு விட்டா அப்பா சாகறதுக்கு மலைக்குப் போவாராக்கும்" என்று சொன்னதோடு என்னிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

மாமனார் மிஷன் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனையில் யார் வேண்டுமானாலும் எழுந்து ஜெப விண்ணப்பம் சொல்லலாம். பல வீட்டுச் சண்டைகள் அங்கேதான் அரங்கேறும். ஜெபம் என்று வந்துவிட்டால் குறுக்கே பேச முடியாதல்லவா. அவர் எழுந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"எங்க மாப்ள பிடிவாதமா ஒரு காரியத்துக்குப் போறாரு. கர்த்தர் அவருக்கு முன்னால வழிய அடைக்கணும். எல்லாரும் ஜெபிச்சுக்கோங்க."

சபை ஆமென் என்றது. ஜெபாவின் ஆமென்தான் எல்லாவற்றிலும் சத்தமாகக் கேட்டது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினேன்.

மலையிலும் எனக்கு எதிரி காத்திருந்தார். ராணுவத்தில் பறந்தவர், எங்கள் பயிற்சியாளர். கடலும் வயல்வெளியும் பார்த்துப் பழகிய கண் எனக்கு. மலைச்சரிவைச் சமதரை என்று எடுத்துக்கொண்டு ஹெலிகாப்டரின் மூக்கைத் தூக்கிவிடுவேன். வேகம் செத்துவிடும். ஒவ்வொரு முறையும் அவர் கட்டுப்பாட்டைப் பிடுங்கிக்கொண்டு, சமவெளிக்காரன் படகு ஓட்டப் போகலாம் என்று கத்துவார். நானும் அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே கற்றேன். அங்கே எனக்காக ஜெபிக்க ஒருவரும் இல்லை என்று அழுகை வந்தது.

கடைசி நாள் தேர்வு. ஒரு கணவாயைத் தாண்டி, அப்பால் உள்ள முகட்டில் இறங்கிக் காட்ட வேண்டும். தவறினால் விடுமுறை வீண், வீட்டில் தலைகாட்டவும் முடியாது. கணவாயை நெருங்கியபோது மேகம் இறங்கி வழியை அடைத்தது. மாமனார் முகம்தான் நினைவுக்கு வந்தது.

"ஆண்டவரே, அந்த மனுஷன் ஜெபத்தைக் கேளாதேயும். இந்த மேகத்தை விலக்கும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். மேகம் இன்னும் கெட்டியானது. பயிற்சியாளர் திரும்பச் சொன்னார். திரும்பினேன். ஆண்டவரையே மனதுக்குள் வாய்க்கு வந்தபடி பேசினேன்.

பள்ளத்தாக்கில் இறங்கி வரும்போது எச்சரிக்கை விளக்கு எரிந்தது. மேல் விசிறியைச் சுழற்றும் கியர் பெட்டியின் எண்ணெயில் இரும்புத் துகள் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். கீழே ஆற்றங்கரையில் சமமான மணல் இருந்தது. இறக்கிவிட்டோம். சாலை வழியாக வந்த மெக்கானிக் கியர் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே பேரிங் நொறுங்கிப் போயிருந்தது. கணவாய்க்கு அப்பால் அந்த முகடு வரை பனியும் பாறையும்தான், நடுவில் இறங்க ஓர் அடி இடம் கிடையாது. பயிற்சியாளர் அப்போதும் என்னிடம் நல்ல வார்த்தை பேசவில்லை. சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடந்தார். நான் மணலில் முழங்கால் போட்டேன்.

வானம் தெளிந்த பின் வேறு ஹெலிகாப்டரில் மறுபடி தேர்வு வைத்தார்கள், தேறினேன். வீடு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப இனிமே போக மாட்டீங்கள்ல மாப்ள?"

"மீட்புக்குக் கூப்பிட்டா போவேன் மாமா."

அவர் முகம் மறுபடி இறுகியது. "அப்ப நானும் விட மாட்டேன். அடைக்கச் சொல்லி ஜெபிச்சுக்கிட்டேதான் இருப்பேன்."

"ஜெபிங்க மாமா. சபையிலயே எந்திரிச்சுச் சொல்லுங்க" என்றேன். ஜெபா அன்றுதான் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள்.

அன்பானவர்களே, இன்று வரை அவருக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறை பறக்கும் முன்பும் அவருக்குப் போன் செய்து ஜெபிக்கச் சொல்கிறேன். உங்களுக்கு விரோதமாக யாராவது முழங்காலில் நிற்கிறார்களா? தடுக்காதீர்கள். அதையும் ஆண்டவர் கையில் விட்டுவிடுங்கள். அன்று அவர் என் ஜெபத்தைக் கேட்டிருந்தால், ஜெபா விதவையாகியிருப்பாள்.