உள்தாழ்ப்பாள்

அன்று கோர்ட்டில் மாஜிஸ்திரேட் இருந்தார். கிளார்க் இருந்தார். என் கணவரும் அவருடைய அண்ணனும் இருந்தார்கள். அப்புறம் நான். அடிக்கிற கணவரிடமிருந்து பாதுகாப்பு கேட்டு மனு கொடுத்தவள் நான்தான்.

மாஜிஸ்திரேட் மலையாளம் கலந்த தமிழில், “வீடல்லே அம்மா, வழக்கும் சண்டையும் உண்டாகும். கொஞ்சம் பொறுத்துப் போகக்கூடாதா?” என்றார்.

“அதானே சாரே, இவளுக்கு வாய் கூடுதல்” என்றார் அண்ணன்.

“உனக்கு என்னதான் வேணும்?” என்று மாஜிஸ்திரேட் என்னைக் கேட்டார்.

“கதவுக்கு உள்தாழ்ப்பாள் வேணும் சாரே. நான் தம்பானூர் லாட்ஜில ரூம் பெருக்குறேன். ஒரு ராத்திரி தங்க வாறவனுக்கும் அங்க உள்தாழ்ப்பாள் உண்டு. எங்க வீட்டுல இவரு அதைப் பிடுங்கிட்டாரு.”

மாஜிஸ்திரேட் கணவரிடம் திரும்பினார். “எதுக்குப் பிடுங்கினே?”

“இவ உள்ள போய் பூட்டிக்கிட்டா நான் எப்படி சாரே அடி...” என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார்.

மூடி வைத்திருந்த பேனாவை மாஜிஸ்திரேட் திறந்தார். கணவர் அந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்று உத்தரவு எழுதினார்.

பட்ட அடியை எல்லாம் மனுவில் சொல்லியிருந்தேன். மாஜிஸ்திரேட்டுக்கு உறைத்தது தாழ்ப்பாள்தான். ஏன் என்று இன்றும் யோசிக்கிறேன்.

சாயங்காலமே ஆசாரியைக் கூட்டிப்போனேன். இப்போது என் கதவில் தாழ்ப்பாள் இரண்டு.