ஒருமுறையும் சுடாத துப்பாக்கி

அமெரிக்காவின் வயோமிங் மலைச்சாலைகளில் வாழ்நாள் முழுக்கப் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர் டெல்பர்ட் ஆஸ்ட்ராண்டர். அவர் வண்டி போய்த் திரும்பிய பிறகுதான் பள்ளிப் பேருந்தும் தபால் வண்டியும் அந்தப் பக்கம் தலைகாட்டும். குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஆசைப்பட்டு அவர் வாங்கிய பொருள் ஒன்றே ஒன்றுதான்: வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கிய கோல்ட் (Colt) கம்பெனியின் ஒரு ரிவால்வர். ஆழ்ந்த நீலத்தில் மெருகேற்றிய உருக்கு. குனிந்து பார்த்தால் முகம் தெரியும்.

அதை அவர் ஒருமுறைகூடச் சுட்டதில்லை. முதலில், நல்ல நாளாகப் பார்த்துச் சுடலாமென்று பெட்டியோடு எடுத்து வைத்தார். பிறகு அந்தக் காலத்துத் துப்பாக்கிகளுக்கு விலை ஏறியது. ஏற ஏறப் பயமும் ஏறியது. சுட்டால் கரி படியும். தோட்டா போடும் உருளையைச் சும்மா சுற்றினாலே மெல்லிய கோடு விழும். வாங்க வருகிறவர்கள் லென்ஸ் வைத்துத் தேடுவது அந்தக் கோட்டைத்தான். எனவே மெல்லிய துணியால் துடைப்பார், மூடுவார், அவ்வளவுதான்.

போன வருடம் அவருடைய வலது கை நடுங்கத் தொடங்கியது. காப்பிக் கோப்பை தட்டில் கடகடவென்று அடித்துக்கொள்ளும். இது குறையாது, மெல்ல மெல்லக் கூடத்தான் செய்யும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பனி வண்டியின் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தார்.

"சுடறதா இருந்தா இந்த வருஷமே சுட்டுடு, டெல்," என்றாள் மனைவி லூசில். "இல்லன்னா வித்துத் தொல. ரெண்டும் இல்லாம அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கியே, எனக்குத்தான் பத்திக்கிட்டு வருது."

"சுட்டா பாதி வெல போயிடும்."

"அப்ப வித்துடு."

"வித்துட்டா அப்புறம் சுடவே முடியாதே, லூசில்."

"கல்யாணமான நாள்லேருந்து இதே பாட்டுதான்!"

இரண்டு தடவை அதை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே உள்ள ஜல்லிக்குழிக்குப் போனார். தகர டப்பாவை நிறுத்தி வைத்தார். தோட்டாவைக் கையில் எடுத்தபோது கை ஆடியது. குறி தப்பினால்? இத்தனை வருடம் காத்திருந்தது டப்பாவுக்குப் பக்கத்து மண்ணைச் சுடுவதற்கா? இரண்டு தடவையும் திரும்பி வந்தார். கடைசியில் காஸ்பர் நகரத்துத் துப்பாக்கி வியாபாரி ராஸ்கோ லிண்ட்க்விஸ்டுக்கு போன் செய்தார். "சுடாததுதானே? அப்ப நீங்க கேட்ட வெல, மறுபேச்சில்ல," என்றான் ராஸ்கோ.

பிப்ரவரியில் ஒரு காலை புறப்பட்டார். வழக்கமாக வண்டியில் கிடக்கும் பழைய துப்பாக்கியை, கோழிக்கூண்டுக்கு வரும் ஸ்கங்க் என்ற நாற்றப் பிராணியை விரட்டவென்று லூசில் எடுத்து வைத்துக்கொண்டாள். அதன் மிச்சத் தோட்டாக்கள் டாஷ்போர்டு அறையில் கிடந்தன. நீலத் துப்பாக்கி பெட்டியோடு பக்கத்து இருக்கையில் இருந்தது.

கணவாய் வளைவில் கண்ணாடி மாதிரி பனிக்கட்டி. வளைவைத் தாண்டியதும் பிரேக்கை மெல்ல மிதித்தார். குதிரை ஏற்றிவந்த டிரெய்லர் ஒன்று, இழுத்துவந்த வண்டியோடு சாலையோரப் பள்ளத்தில் கவிழ்ந்து கிடந்தது. அதன் கதவு பிய்ந்து, செம்பழுப்புக் குதிரை ஒன்று பாதி உடம்பு வெளியே விழுந்திருந்தது. முன்னங்கால் முட்டிக்குக் கீழே முறிந்து தொங்கியது. அது எழுந்திருக்கப் பார்த்தது, விழுந்தது, மறுபடியும் எழப் பார்த்தது. அந்தச் சத்தத்தை டெல்பர்ட் அதற்குமுன் கேட்டதில்லை.

அதன் தலையைப் பிடித்துக்கொண்டு பனியில் மண்டியிட்டிருந்தாள் ஒரு பெண். பெயர் நடீன் பெர்க்லண்ட், மலைக்கு அந்தப்பக்கம் பண்ணை வைத்திருப்பவள். அவள் நெற்றியில் ரத்தம் வழிந்தது.

"போன் எடுக்குதா பாருங்க!" என்று கத்தினாள்.

"இங்க எடுக்காதும்மா. கீழ எறங்கினாத்தான்."

"கால்நடை டாக்டர் வர மத்தியானம் ஆயிடும். அதுவரைக்கும் இவ இப்படிக் கெடக்கணுமா? கால் முறிஞ்ச குதிர பொழைக்காது. துப்பாக்கி இருக்கா உங்ககிட்ட?"

டெல்பர்ட் தன் வண்டியைத் திரும்பிப் பார்த்தார்.

இல்லை என்று பொய் சொல்லவில்லை. ஆனால் வாய் திறக்கவில்லை. வேறு வண்டி வரும், இந்த ஊரில் யார் வண்டியில்தான் துப்பாக்கி இல்லை என்று நினைத்தார். சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார். எதுவும் வரவில்லை. குதிரை மறுபடியும் எழ முயன்றது. முறிந்த எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. நடீன் அதன் கழுத்தின்மேல் படுத்து அழுத்தினாள். "வேணாம்டி, வேணாம், எந்திரிக்காத..."

டெல்பர்ட் வண்டிக்கு நடந்தார். பெட்டியைத் திறந்தார். பழைய துப்பாக்கியின் தோட்டாக்கள் இதற்கும் பொருந்தும் என்பது அவருக்குத் தெரியும். முதல் தோட்டா விரலிலிருந்து நழுவிப் பனியில் விழுந்தது. இரண்டாவதை இடது கையால் உள்ளே தள்ளினார்.

நடீன் துப்பாக்கியைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இத்தன நேரமா இத வச்சுக்கிட்டா நின்னீங்க?"

"ஆமா," என்றார். வேறு என்ன சொல்வது?

"சரி, குடுங்க." வாங்கினாள். குதிரையின் நெற்றிக்கு நேரே கொண்டுபோனாள். உடனே அதை அவரிடமே திருப்பி நீட்டினாள். "என்னால முடியல. குட்டியிலேருந்து வளத்தேன். நீங்களே செய்யுங்க."

"என் கை ஆடும்மா. பாரு."

அவள் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒவ்வொரு காதுலேருந்தும் எதிர்க்கண்ணுக்குக் கோடு போட்ட மாதிரி நெனச்சுக்கோங்க. ரெண்டு கோடும் வெட்டற எடம். மண்டி போடுங்க. நான் உங்க மணிக்கட்டப் பிடிச்சுக்கறேன்," என்றாள்.

மண்டியிட்டார். அவள் இரண்டு கையாலும் அவருடைய மணிக்கட்டை இறுக்கினாள். நடுக்கம் முழுக்க நிற்கவில்லை, ஆனால் குறைந்தது. குதிரையின் மூச்சு அவர் விரல்களில் சூடாகப் பட்டது. விசையை அழுத்தினார். அவ்வளவு வழுவழுப்பாக அது பின்வாங்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

வெடிச்சத்தம் மலையில் மோதித் திரும்பி வருவதற்குள் குதிரை அடங்கிவிட்டது.

நடீன் குதிரையின் கழுத்தை ஒருமுறை தடவிவிட்டு எழுந்தாள். அவளை ஏற்றிக்கொண்டு கீழே உள்ள மருத்துவமனை வரை கொண்டுபோய் விட்டார். இறங்கும்போது, "நல்ல துப்பாக்கி," என்றாள். பாராட்டா குத்தலா என்று அவருக்கு விளங்கவில்லை. நன்றி அவள் சொல்லவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை.

அங்கிருந்தே ராஸ்கோவுக்கு போன் செய்தார். "இன்னிக்குக் காலையில சுட்டுட்டேன்."

"விளையாடறீங்களா? ஒரு குண்டுதானே? நல்லா தொடச்சுக் கொண்டு வாங்க, பாத்துக்கலாம். உருளையில கோடு விழுந்திருக்கா?"

"பாக்கல."

"பாத்துச் சொல்லுங்களேன்!"

"வேண்டாம், ராஸ்கோ. விக்கல."

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் லூசிலிடம் சொன்னார், வாய் திறக்காமல் நின்றதையும் சேர்த்து. அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எவ்வளவு நேரம் நின்ன?"

"அந்தக் குதிரைக்கு ரொம்ப நேரம்."

அவள் திட்டவில்லை. தட்டில் ரொட்டியும் பீன்ஸும் வைத்தாள். அன்று அவரால் சாப்பிட முடியவில்லை.

பனி உருகியதும் இருவருமாக ஜல்லிக்குழிக்குப் போனார்கள். லூசில் அவர் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள். ஒரு பெட்டித் தோட்டாவும் தீரும்வரை சுட்டார். பாதிக்கு மேல் தப்பியது. பிறகு லூசில் வாங்கிச் சுட்டு, வரிசையாக டப்பாக்களைக் கவிழ்த்தாள்.

"இத முன்னாடியே எங்கிட்டக் குடுத்திருக்கலாம்ல?" என்றாள்.

டெல்பர்ட் சிரித்தார். நடுங்கும் கையால் அடுத்த டப்பாவை நிறுத்த நடந்தார். அது விழுந்தது; மறுபடியும் நிறுத்தினார்.