சூசை எந்தப் பக்கம் பார்த்து நின்றான்

துறைமுகச் சரக்கு ஷெட்டில் நான் மூட்டைகளுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தபோது சூசையின் மைத்துனன் வந்து நின்றான். "மாமா போய்ட்டாருங்க. ஜொரம் எறங்கவே இல்ல" என்றான். அவன் கண்ணைத் துடைத்து முடிப்பதற்குள் பக்கத்து மேஜைக்காரர் குரலைத் தாழ்த்தி, "தலைகீழா நின்னுகினு இருந்தாரே, அதான் ரத்தம் மண்டைக்கு ஏறிக்கீது" என்றார்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய சூசையை அறிந்தவர்கள் எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள். அவனைக் கொண்டுபோனது விஷ ஜுரம். யோகாசனம் செய்கிறவன், செய்யாதவன் என்று அது பார்ப்பதில்லை. மேலும், அவன் தலைகீழாக நின்றதே கிடையாது. இருவரும் முயன்றோம், மணலில் உருண்டோம், விட்டுவிட்டோம். 'அவன்' என்று எழுதுவதைத் தப்பாக நினைக்க வேண்டாம். எங்கள் இருவருக்கும் ஒரே வயது. 'அவர்' என்று எழுதினால் கல்லறையிலும் சிரிப்பான்.

மாதா திருவிழாவில் சொரூபத்தைச் சுமந்து வரும் சப்பரத்தின் முன்பக்கத் தண்டு அவன் குடும்பத்தின் தோளுக்கு உரியது. அவன் அப்பா சுமந்த இடம். ஒரு வருடம், தெருமுனை திரும்புவதற்குள்ளேயே சூசையின் முதுகு பிடித்துக்கொண்டது. வேறொருவன் ஓடிவந்து தோள் கொடுத்தான். இனிமேல் கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வெளியே வந்த சூசை என்னிடம், "அடுத்த வருசம் மாதாவ நான்தான் தூக்குவேன். அதுக்கு இன்னா வழி கீதுன்னு பாரு நைனா" என்றான்.

நான் கண்ட வழி, மூர் மார்க்கெட்டில் கிடைத்த ஒரு பழைய யோகாசனப் புத்தகம். அதில் முதல் சில பக்கங்கள் இல்லை. வெறும் வயிற்றில் செய்ய வேண்டும் என்பது அந்தப் பக்கங்களில்தான் இருந்திருக்க வேண்டும். நாங்கள் பழைய சோறும் கருவாடும் ஒரு பிடி பிடித்துவிட்டு ராயபுரம் கடற்கரைக்குப் போனோம். பாதத்தைத் தொடக் குனிந்த எனக்கு முழங்கால்தான் எட்டியது. சூசை குனிந்தான், கருவாடு திரும்பி வந்தது. வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவன் காலால் மணலைத் தள்ளி மூடிவிட்டு மறுபடி நின்றான். "சிரிக்கிறவனுக்கு முதுகு நல்லா கீது, சிரிக்கிறான். நீ அடுத்ததப் படி."

மழைக்காலம் முடிந்தபோது அவன் விரல்கள் கால் கட்டைவிரலைத் தொட்டன. வலியும் பாதி குறைந்திருந்தது. அப்போதுதான் மாதா கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் கடற்கரைக்கு வந்தார். நாங்கள் உதிக்கிற சூரியனைப் பார்த்துக் கைகூப்பி நின்றுகொண்டிருந்தோம்.

"சூசை, சூரியனைக் கும்பிடுறவனுக்குச் சப்பரத்துல இடம் கிடையாது" என்றார்.

சூசை வாதாடவில்லை. நின்ற இடத்திலேயே திரும்பினான். இப்போது முதுகுக்குப் பின்னால் கடலும் சூரியனும், முகத்துக்கு எதிரே மாதா கோயில் கோபுரம். கூப்பிய கையை எடுக்காமல், "கோயிலப் பாத்துகினு பண்றேன். இப்ப இன்னா சொல்றீங்க?" என்றான். உபதேசியார் வந்த வழியே திரும்பி நடந்தார்.

மறுவாரம் எங்கள் தெரு இந்துப் பெரியவர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். சூரியனுக்கு முதுகைக் காட்டிச் சூரிய நமஸ்காரம் செய்கிறவனோடு உனக்கு என்ன சகவாசம் என்றார்கள். சூசையிடம் சொன்னேன். "கெழக்கப் பாத்தா அவங்களுக்குப் பேஜாரு, மேக்கப் பாத்தா உங்காளுங்களுக்குப் பேஜாரு. என் முதுகு எந்தப் பக்கம் பாத்தாலும் வலிக்குது நைனா, அதுக்கு எவன் வந்து பதில் சொல்வான்?" என்றான். நானும் அன்று முதல் அவன் பார்த்த பக்கமே திரும்பி நின்றேன்.

திருவிழாவன்று தன் இடத்துக்கு நேராக நடந்துபோனான். உபதேசியார் தண்டின் மேல் கையை வைத்து மறித்தார். சூசை குரலை உயர்த்தவில்லை. "போன வருசம் மாதாவ பாதி வழில வுட்டுட்டேன். இந்த வருசம் வூட்டாண்ட வரைக்கும் தூக்கத்தான் இந்த முதுக நிமித்தினேன். கைய எடுங்க" என்றான். மணி அடித்தது. மற்ற தோள்கள் ஏற்கெனவே தண்டுக்கடியில் இருந்தன. சூசை தோளைக் கொடுத்தான், சப்பரம் எழுந்தது, உபதேசியாரின் கை தானாக விலகியது. தெருமுனை தாண்டி, அவன் வீட்டு வாசல் தாண்டி, சுற்றுப்பாதை முழுவதும் சுமந்தான். நான் ஓரமாக நடந்துகொண்டே அழுதேன்.

நேற்றுக் கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கும்போது கால்மாடு கடல் பக்கமாகத் திருப்பி வைத்தார்கள். ஏன் அப்படி என்று உபதேசியாரைக் கேட்டேன். "எங்க வழக்கம். ஆண்டவர் கிழக்கேயிருந்து வருவார். எழும்போது உதிக்கிற பக்கம் பார்த்து எழணும்" என்றார். சொல்லி முடித்ததும் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தக் கிழிந்த புத்தகத்தை அவன் பெட்டியோடு வைத்துவிட்டேன். எனக்கு வேண்டியது என்னிடம் இருக்கிறது. இன்று காலை வெறும் வயிற்றோடு கடற்கரைக்குப் போனேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று, அவன் திரும்பி நின்றது போலவே கோபுரத்தைப் பார்த்து நின்று, குனிந்து என் பாதத்தைத் தொட்டேன்.