திலக் நகரிலிருந்து லேபர் கேம்ப் வரை, ஏழு கற்களோடு

ஒரு மீன் தொட்டியால்தான் இந்தப் பயணம் நடந்தது. எங்கள் திலக் நகர் வீடு ஒரு ஹால், ஒரு கிச்சன், அவ்வளவுதான். டிவிக்கு மேலே இருக்கும் ஒற்றை ஷெல்ஃபில் ஆறு மாதமாக என் கற்கள் உட்கார்ந்திருந்தன. கல்லாகிப்போன மரம், இலை, தண்டு இவற்றைச் சேர்க்கும் பைத்தியம் எனக்குப் புதிதாகப் பிடித்திருந்தது. வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு, நடைபாதைக் கடைகளிலும் கடற்கரையிலும் பொறுக்கி ஏழு கல் சேர்த்துவிட்டேன். என் வீட்டுக்காரருக்கோ அதே ஷெல்ஃபில் மீன் தொட்டி வைக்க ஆசை. மே மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை பேச்சு முற்றியது.

"நாளைக்குச் சாயந்திரத்துக்குள்ள இதுல ஒண்ணாவது நெசம்னு வெவரம் தெரிஞ்சவங்க சொல்லட்டும். ஷெல்ஃப் ஒனக்கு. இல்லன்னா மீனுக்கு" என்றார். நானும் வீறாப்பாகச் சரி என்றுவிட்டேன்.

ஞாயிறு காலை 8.20க்கு வீட்டை விட்டுக் கிளம்பினேன். ஞாயிற்றுக்கிழமை போகிறவர்கள் தண்டவாள வேலைக்காக ரயிலை நிறுத்தும் மெகா பிளாக் நேரத்தை முதலில் பார்த்துவிடுங்கள். அன்று ஹார்பர் லைனில் பதினொரு மணிக்கு மேல் வண்டி கிடையாது. திலக் நகரில் ஏறி, குர்லாவில் இறங்கி, ஸ்லோ லோக்கலுக்கு மாறினால் மாட்டுங்கா. டிக்கெட் ஐந்து ரூபாய். பையை மடியில் வைத்திருந்தேன். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா தேங்காயா என்று இந்தியில் கேட்டார். கல் என்றதும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

மாட்டுங்காவில் இருப்பவள் வைதேகி. ரயிலின் லேடீஸ் டப்பாவில், அதாவது பெண்கள் பெட்டியில், ஏற்பட்ட சிநேகம். சுரங்கம் தோண்டுகிறவர்களுக்காகப் பாறைகளைச் சோதிக்கும் கம்பெனியில் வேலை. டைனிங் டேபிளில் பேப்பர் விரித்து, என் கற்களை வரிசையாக வைக்கச் சொன்னாள். பத்தாம் வகுப்பு ரிசல்ட் பார்க்கப் போகிறவள் போல ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன்.

நான் உயிராக நினைத்திருந்த ஃபெர்ன் இலைக் கல்லை முதலில் நீட்டினேன். கறுப்பாக, கிளை கிளையாக, அவ்வளவு அழகு அது. வைதேகி லென்ஸ் வைத்துப் பார்த்தாள்.

"இது இலையே இல்லைடி. கல்லு விரிசல்ல தண்ணி எறங்கி, தாது படிஞ்ச கறை. நடுவிலே காம்பு இருக்கா பாரு, நரம்பு இருக்கா பாரு. புதுசா ஆரம்பிக்கறவா எல்லாரும் இதுலதான் ஏமாறுவா."

அடுத்ததில் வரி வரியாக இருந்தது. நான் மரத்தின் வளையம் என்று நம்பியது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அகேட். தானாவே வரி ஓடற கல்லு" என்று ஓரமாக வைத்தாள். இன்னொன்றில் வினிகர் ஒரு சொட்டு விட்டதும் நுரைத்தது. சுண்ணாம்புக் கல். அப்படியே ஆறு போயின. ஏழாவதைக் கையில் எடுத்தவள் சிரிப்பை அடக்க முடியாமல் கிச்சனுக்கு எழுந்து போய்விட்டாள். அது மர டிசைன் போட்ட பாத்ரூம் டைல். கடல் தேய்த்து மழமழவென்று ஆக்கியிருக்கிறது. முந்நூறு ரூபாய் கொடுத்து வாங்கியிருந்தேன். நானும் சிரித்தேன், ஆனால் உள்ளுக்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்தது உண்மை.

ஒன்றை மட்டும் அவள் உருப்படியாகப் பதிய வைத்தாள். பக்கவாட்டில் பார்த்தால் நார் ஓட வேண்டும். வெட்டு முனையில் பார்த்தால் வேறு மாதிரி இருக்க வேண்டும். நம் வெப்பமான ஊர்களின் மரங்களில் வளையம் பல நேரம் தெளிவாகத் தெரியாது. ஊசியால் குத்தினாற்போலப் புள்ளிகள் தெரியும். இரண்டு பக்கமும் ஒத்து வந்தால்தான் மரம். சந்தேகம் என்றால் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாள்.

அங்கிருந்து, சயானை அடுத்த லேபர் கேம்ப் குடியிருப்பில் இருக்கும் என் பெரியம்மா மகள் பேச்சியக்கா வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனேன். மாட்டுங்காவில் ஆட்டோ ஓடாது. டாக்ஸிக்கு நாற்பது ரூபாய் ஆயிற்று. மழைக்கு முன்னால் அங்கே எல்லா வீட்டுக் கூரையிலும் நீலத் தார்ப்பாய் விரிப்பார்கள். காற்றில் பறக்காமல் இருக்க மேலே கல், பழைய டயர், கிடைத்ததெல்லாம் ஏற்றுவார்கள். அத்தான் கூரையில் இருந்தார். போன வருஷக் கற்கள் வாசலில் குவிந்து கிடந்தன.

"ஏட்டி, சும்மா நிக்காம ஒவ்வொரு கல்லா ஏணியில குடு" என்றாள் அக்கா.

நாலாவதோ ஐந்தாவதோ கல், தூக்கியபோதே குளுகுளுவென்று இருந்தது. அளவுக்கு மீறிய கனம். ஒரு பக்கம் பட்டை உரித்த கட்டை போல நீளநீளமாகக் கோடு. கையில் இருந்த பாட்டில் தண்ணீரை முனையில் ஊற்றித் துடைத்து, பையில் இருந்த என் லென்ஸை வைத்தேன். புள்ளிகள்! முனை முழுக்கப் பொடிப்பொடியாகப் புள்ளிகள். வீடியோவில் சொன்னபடி அக்காவின் அரிவாள்மனையில் உரசிப் பார்த்தேன், கல்லில் கீறலே விழவில்லை. அக்காவிடம் வாங்கிய திட்டைத் தனியாக எழுத வேண்டும்.

"அதா? பங்களா இடிக்கிற வேலைக்குப் போனப்ப தோட்டத்துல கெடந்துச்சி. எடுத்துக்கோன்னு மொதலாளியே சொன்னாரு. கூரையில நாலு மழை பாத்தாச்சி" என்றார் அத்தான்.

இரண்டு போட்டோவும் வைதேகிக்குப் போயின. சாப்பாட்டில் மனம் போகவில்லை. பாதிச் சாப்பாட்டில் வாய்ஸ் மெசேஜ் வந்தது. "மரம்தான்டி! சந்தேகமே இல்லை. எங்கேர்ந்து பிடிச்சே?" எச்சில் கையோடு அக்காவைக் கட்டிக்கொண்டேன்.

அத்தானுக்கு வேறு கவலை. "கொண்டு போம்மா. ஆனா அந்த மூலைக்குக் கனம் வேணும்லா? காத்து வந்தா தார்ப்பாய் சயான்ல போயி விழும்."

"இந்த ஏழும் போலிக்கா" என்று புலம்பிக்கொண்டே என் பையைக் கவிழ்த்தேன். டைல் உட்பட ஏழும் ஏணி ஏறின. ஃபெர்ன் கல்லைக் கொடுக்கும்போது மட்டும் கை சற்றுத் தயங்கியது.

திரும்பும்போது மெகா பிளாக். நல்லவேளை, லேபர் கேம்ப் பக்கம் ஆட்டோ உண்டு. ஏழு கிலோமீட்டர், 122 ரூபாய். மடியில் இருந்ததைப் பார்த்து டிரைவர், "பத்தர்?" என்றார், கல்லா என்று. "பேட்" என்றேன், மரம் என்று. கண்ணாடியில் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, வண்டியை வேகமாக விட்டார்.

வீட்டில் எதிர்பார்த்ததே நடந்தது. "பேச்சு அந்த ஏழுக்குத்தான. இது எட்டாவதுல்லா?" என்றார் என் வீட்டுக்காரர். சண்டைக்குத் தயாரானேன். அவர் அதற்குள் கல்லை வாளித் தண்ணீரில் முக்கிவிட்டார். காய்ந்தபோது சாம்பல் நிறமாக இருந்தது, நனைந்ததும் தேன் நிறத்தில் நார் நாராக எழுந்து நின்றது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணிக்குள்ளயே இருந்தா எம்புட்டு நல்லாருக்கும், என்ன?"

இப்போது ஷெல்ஃபில் மீன் தொட்டி இருக்கிறது. தொட்டிக்குள் என் மரம் இருக்கிறது. மீன்கள் அதைச் சுற்றித்தான் ஓடுகின்றன.

புதிதாகச் சேர்க்கிறவர்களுக்கு: லென்ஸ், ஒரு பழைய கத்தி, சின்னப் பாட்டிலில் வினிகர், தண்ணீர் போதும். அடுத்தவர் வீட்டு அரிவாள்மனை வேண்டாம். கடைக்காரர் சொல்லும் வயதுக்குக் காசு கொடுக்காதீர்கள். கல்மரப் பூங்காக்களுக்குப் போனால் கண்ணால் மட்டும் பாருங்கள், துணுக்குக்கூட எடுக்கக் கூடாது. இலை போலத் தெரிகிற எதையும் முதலில் நம்பாதீர்கள்.

ஜூனில் முதல் பெருமழை விடிய விடிய அடித்தது. காலையில் அக்கா போன் செய்தாள்.

"ஏட்டி, ஒரு சொட்டு ஒழுகல. போலி போலின்னு அழுதியே, எல்லாம் நல்ல கல்லுட்டி."