அண்ணன் பெயரில் திறந்த கணினி

எங்கள் மன்னார்க் கடற்றொழில் திணைக்களக் கந்தோரில் இருந்தவை எல்லாம் பழைய லினக்ஸ் கணினிகள். ஒவ்வொன்றும் தன்பாட்டுக்கு ஒரு குட்டி இராச்சியம். இந்தக் கணினியில் பதிந்த பெயர் பக்கத்துக் கணினிக்குத் தெரியாது. ஒருவர் மேசை மாறினால் அவருக்கு நான் மறுபடியும் பெயர் திறந்து, கடவுச்சொல் கொடுத்து, சீ என்று போய்விடும். அப்போதுதான் கொழும்புத் தலைமையகத்திலிருந்து உத்தரவு வந்தது. மன்னாரில் உள்ள எல்லாக் கணினிகளையும் மையப் பதிவேட்டோடு இணைக்க வேண்டும். ஊழியர்களின் பெயரும் கடவுச்சொல்லும் இனி ஒரே இடத்தில், கொழும்பில். இங்குள்ள கணினிகளில் தனியாக யாருடைய பெயரும் இருக்கக்கூடாது. அப்பாடா, சனியன் தொலைந்தது என்றுதான் முதலில் நினைத்தேன். யன்னலோரக் கணினி பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அது அண்ணனுடையது. உடன்பிறந்த அண்ணன் இல்லை. கந்தோரில் எனக்கு மூத்தவர், தாழ்வுபாடு என்ற கரையோர ஊர்க்காரர். கரைக்கு வரும் மீன் எவ்வளவு, என்ன சாதி என்று ஊர் ஊராகப் போய் விசாரித்து வந்து பதிவது அவர் வேலை. வாய் ஓயாத மனிசன். நான் கணினியொன்றைக் கழற்றி வைத்துக்கொண்டு முழித்தால், "என்னடாப்பா, திருப்பிப் பூட்டத் தெரியுமோ, இல்லாட்டி சாக்கில கட்டவோ?" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லுவார். லீவு நாளில் தன் தமையனோடு கடலுக்குப் போவார். ஒரு தென்மேற்குச் சோளகக் காற்றில் அப்படிப் போன இருவரும் திரும்பவில்லை. வள்ளம் கவிழ்ந்து கரை ஒதுங்கியது. தமையனின் உடல் கிடைத்தது. அண்ணனின் உடல் கிடைக்கவில்லை.

தமையனை அடக்கம் செய்தார்கள். அண்ணனுக்கு ஒன்றும் செய்ய அவருடைய மனைவி விடவில்லை. அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். "அவர் எங்கயோ கரையேறி இருக்கிறார், வருவார்" என்று பூசை வைக்கும் பங்குச் சுவாமியிடமே சொல்லிவிட்டார். இந்தியப் பக்கம் ஒதுங்கி, மாதக்கணக்கில் அங்குள்ள சிறையில் மறியலில் இருந்துவிட்டு வந்தவர்கள் எங்கள் கரையில் இல்லாமலில்லை. அதனால் யாரும் அவரோடு வாதாடவில்லை. எங்கள் ஆட்கள் அப்படித்தான். உடலைக் கண்ணால் காணாதவரைக்கும் கடலுக்குப் போனவனைப் பற்றி 'இருந்தான்' என்று சொல்ல நா எழாது. கந்தோரிலும் நாங்கள் "அண்ணன் வந்தாப்பிறகு கேப்பம்" என்றே கதைத்தோம்.

அவருடைய வேலைக்குத் தற்காலிகமாக அக்காவையே எடுத்தார்கள். முதல் நாள் நான் அவருக்கென்று ஒரு பெயர் திறக்கப் போனேன். "வேண்டாம் தம்பி. இவரின்ர பாஸ்வேட் எனக்குத் தெரியும்" என்றார். அன்றிலிருந்து தினமும் ஒற்றை விரலால் அண்ணனின் பெயரை அடித்து, அண்ணனாகவே உள்ளே போவார். பின்னேரம் அண்ணனாகவே வெளியே வருவார். முறைப்படி அது பெரும் பிழை. எனக்கும் தெரியும், மேலாளருக்கும் தெரியும். அந்த மனிசியிடம் போய் ஆர் சொல்லுறது?

அண்ணனின் பெயரை என்ன செய்வதென்று நான் கொழும்புக்கு அழைத்துக் கேட்டேன். எடுத்தவர் நல்ல மனிதர்தான், குறை சொல்ல முடியாது.

"வேலையில இல்லாதவங்களுக்கு ரெண்டே ரெண்டு நிலைதான் இருக்கு" என்றார். "விலகினவர்னு போட்டா கொஞ்ச நாள்ல பேரு தானா அழிஞ்சிடும். இறந்தவர்னு போட்டா, குடும்பத்துக்குச் சேரவேண்டிய விசயங்கள் இருக்கிறதால பேரு அழியாது. குடும்பம் சம்மதிச்சா போட்டிரலாம்."

"காணாமல் போனவர் எண்டு?"

"அப்படி ஒண்ணு இல்லையே."

எனக்கு வந்த கோபத்துக்குத் தொலைபேசியைச் சுவரில் அடித்திருப்பேன். இந்தக் கரைக்கு வந்து பார்த்திருந்தால் மூன்றாவதாக ஒன்று வைத்திருப்பீர்களே என்று கத்த வேண்டும் போலிருந்தது. "சரி" என்று சொல்லி வைத்தேன்.

எல்லாக் கணினிகளையும் இணைத்து முடித்து, கடைசியாக யன்னலோரத்துக்கு வந்தேன். அக்கா பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இனி உங்களுக்கெண்டு ஒரு பெயர் வரும் அக்கா."

"வரட்டும். இவரின்ர பெயர்?"

நான் ஏற்கெனவே இணைத்திருந்த பக்கத்துக் கணினியைக் காட்டினேன். அண்ணனின் கோப்புகளை அதில் பிரதி எடுத்து வைத்திருந்தேன். ஒரு கோப்பு தன் சொந்தக்காரரின் பெயரை வைத்திருப்பதில்லை, ஓர் இலக்கத்தைத்தான் வைத்திருக்கும். அந்த இலக்கம் ஆருடையது என்று கணினி பதிவேட்டைப் பார்த்துச் சொல்லும். பதிவேட்டில் அண்ணன் இல்லை. ஆகவே அவருடைய பெயர் வரவேண்டிய இடமெல்லாம் வெறும் இலக்கமாகக் கிடந்தது.

"உதென்ன?"

"பெயர் இல்லாட்டி இலக்கந்தான் காட்டும் அக்கா."

அவர் திரைக்குக் கிட்டக் குனிந்து பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஒரு உடம்பு ஒதுங்கியிருக்கு, வந்து பாருங்கோ எண்டு என்னை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டவங்கள். போனனான். இவரில்லை. ஆர் பெத்த பிள்ளையோ. கால் விரலில கடதாசித் துண்டொண்டு கட்டியிருந்தது தம்பி. அதில பெயரில்லை. இலக்கம்."

நான் திரையில் இருந்த அந்தப் பட்டியலை மூடினேன்.

"பெயர் நிக்கிறதுக்கு என்ன வழி?" என்று கேட்டார்.

"விலகினவர் எண்டு போட்டால் கொஞ்ச நாளில போயிடும். மற்றதெண்டால் நிக்கும்."

என்ன மற்றது என்று அவர் கேட்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்தார். வெளியே ஏதோ மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் ஆகாமல் உறுமிக்கொண்டிருந்தது.

"செத்தவர் எண்டு போடுங்கோ. பெயரோட போடுங்கோ."

"அக்கா, அவசரமில்லை. வீட்ட போய் யோசிச்சு..."

"யோசிச்சாச்சு. போடுங்கோ."

மேலாளர் அக்காவிடம் இன்னொரு தரம் கேட்டுவிட்டுத்தான் கொழும்புக்கு அறிவித்தார். அண்ணனின் பழைய இலக்கத்தோடேயே அவருடைய பெயர் பதிவேட்டில் ஏறியது. மத்தியானத்துக்குள் யன்னலோரக் கணினியையும் இணைத்து, அதிலிருந்த பழைய பதிவை அழித்தேன். கோப்புகளைத் திறந்து காட்டினேன். வரிக்கு வரி அண்ணனின் பெயர். அக்கா திரையில் விரலை வைத்து மேலிருந்து கீழே தடவிக்கொண்டு போனார்.

"இனி இந்தப் பெயரில உள்ளுக்குப் போக ஏலாதோ?"

"பெயர் இருக்கும் அக்கா. உள்ளுக்கு வர ஏலாது."

"ஒருக்கா அடிச்சுப் பாக்கிறன்."

நான் எழுந்து இடம் விட்டேன். அவர் ஒற்றை விரலால் அண்ணனின் பெயரை அடித்தார். கடவுச்சொல்லை அடித்தார். அனுமதி இல்லை என்று வந்தது. எங்கோ பிழையாக அடித்துவிட்டவர்போல, ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் பார்த்து மறுபடியும் அடித்தார். அனுமதி இல்லை.

"ஐயோ என்ர ராசா! நானெல்லோ என்ர வாயால சொல்லிப்போட்டன்!"

மேசையில் தலையை மோதி மோதி அழுதார். சவப்பெட்டிக்கு முன்னால் இருந்து எங்கள் பெண்கள் அழுவார்களே, அந்த அழுகை. பெட்டி இல்லை, மெழுகுதிரி இல்லை, ஒரு பழைய கணினிதான் இருந்தது. கந்தோரில் இருந்தவர்கள் எல்லோரும் கதிரையை விட்டு எழுந்து நின்றார்கள்.