கால் கேட்ட சத்தம்

பெயிண்டருக்குப் பக்கவாதம் வந்தபோது வயது ஐம்பத்திரண்டு. மூன்றாவது மாடி உயரச் சாரத்தில் சர்வசாதாரணமாக நடந்தவருக்கு, கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போகும் பதினொரு அடி எட்டாத தூரமாகிவிட்டது. வலது கால் ஆணியடித்ததுபோல் நின்றது. பயிற்சி கொடுக்க வந்த பெண் "தூக்குங்க சார், தூக்குங்க" என்று கெஞ்சினாள். அவர் காலைத் திட்டினார், பிறகு அவளையும் திட்டினார். மறுவாரம் அவள் வரவில்லை.

மனைவிக்குச் சட்டை தைக்கும் கம்பெனியில் வேலை. புதிதாகச் சேரும் பெண்களுக்குக் கையும் காலும் சேர்ந்து வராது, துணி கோணிக்கொள்ளும். அவள் பின்னால் நின்று, "அமுக்கு, விடு... அமுக்கு, விடு" என்று தாளம் பிசகாமல் சொல்லிக்கொண்டே இருப்பாள். இரண்டு நாளில் பெடல் வசப்பட்டுவிடும். ஒருநாள் அதையே வீட்டில் சொல்லிப் பார்த்தாள்.

"யோசிக்காதீங்க. என் சத்தத்துக்குக் கால வைங்க."

"என்னை என்ன மிஷின்னு நெனச்சியா?"

"மிஷினா இருந்தா எண்ணெய் போட்டிருப்பேன். வைங்க. அமுக்கு, விடு..."

கால் நகர்ந்தது. இருவரும் அதையே பார்த்தார்கள்.

ஏழு மாதத்தில் அவளோடு தெருமுனைவரை நடந்தார். "உன் குரலுக்குத்தான்டி இது கட்டுப்படுது" என்பார். அவளுக்குப் பெருமை தாங்காது.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் கம்பெனியில் அவள் தையல் மிஷின்மேலேயே சரிந்தாள். மகள் அப்பாவை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். வராந்தாவில் அவர் கால் நின்றுவிட்டது.

"அப்பா, வாங்கப்பா!"

"அம்மா சொல்ற மாதிரி சொல்லும்மா."

மகள் சொன்னாள். அழுகையில் வார்த்தைகள் முந்தியும் பிந்தியும் விழுந்தன. கால் பின்னிக் கீழே விழுந்தார். சக்கர நாற்காலி தேடிப் பிடித்து உள்ளே போனபோது, நர்ஸ் போர்வையை அவள் முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு மாதம் அவர் எழுந்திருக்கவே இல்லை. பிறகு மகள் செல்போனில் தாளம் தட்டும் ஆப் ஒன்றை இறக்கினாள். டக், டக் என்று சீராக அடித்தது. வற்புறுத்தி நிற்கவைத்தாள்.

வலது கால் உடனே நகர்ந்தது. இரண்டு, மூன்று, நான்கு அடி.

"நடக்கிறீங்கப்பா!" என்று மகள் கைதட்டினாள்.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"எது தாளம் போட்டாலும் கேக்குதேம்மா இந்தக் கால்" என்றார். "அவ குரலுக்கு மட்டும்தான்னு அவகிட்ட தெனமும் சொன்னேனே."

மகள் போனை அணைக்கப் போனாள். வேண்டாம் என்று கையசைத்துவிட்டு, குளியலறைவரை நடந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.