மைக் யாரிடம் இருந்தது

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஞாயிறுதோறும் ஒரு புதிர் வரும். அயனம்பாக்கத்துக்குக் குடிவந்த நாள் முதல் அதை நானும் மனைவியும் சேர்ந்துதான் விடுவிப்போம். காபி ஆறிப்போவதுகூடத் தெரியாது. நான் கட்டம் வரைவேன், அவள் குறிப்புகளை வாசிப்பாள்.

கீழ் வீட்டுக்கு அந்தப் பெண் வந்த பிறகு எல்லாம் மாறியது. திருவேற்காட்டுக்காரி. கல்யாணக் கச்சேரிகளில் பாடுகிறவள். மனைவியை அக்கா என்பாள். காய்கறி வாங்க இரண்டு பேரும் சேர்ந்து போய்வந்தார்கள். அதுவரை எனக்குச் சங்கடமில்லை.

ஒரு ஞாயிறு இசைக்கலைஞர்களைப் பற்றிய புதிர் வந்தது. ஸ்டூடியோவில் பாடகர், கிடார்காரர், வயலின்காரர், டிரம்ஸ்காரர் என்று நான்கு பேர். மைக், ஹெட்போன், மிக்ஸர், ஸ்பீக்கர் நான்கில் ஆளுக்கு ஒன்று. யாரிடம் எது என்று குறிப்புகளை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

"இது அவளுக்குத்தான் சரியா வரும்" என்று சொல்லிவிட்டு மனைவி தன் போனோடு கீழே இறங்கிவிட்டாள். நீங்களும் வாங்களேன் என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவர்களுக்கு முன்னால் நான் போட்டுவிட வேண்டும் என்று தனியாகக் கட்டம் வரைந்து உட்கார்ந்தேன். பாடகருக்கு மைக் என்று முதலில் எழுதினேன். கொஞ்ச நேரத்தில் எல்லாம் குழம்பியது. குறிப்புகளைக் கோத்துப் பார்த்தால் டிரம்ஸ்காரரிடம் ஹெட்போன் இல்லை, மிக்ஸர் இல்லை, ஸ்பீக்கரும் இல்லை. அவருக்கு ஒன்றுமே மிஞ்சவில்லை. கீழேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அடித்து அடித்து எழுதியதில் தாள் கிழிந்தது.

பொறுக்க முடியாமல் இறங்கிப் போனேன். கதவு திறந்தே இருந்தது. இருவரும் தரையில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தார்கள்.

"புதிர்லயே தப்பு இருக்கு" என்றேன்.

மனைவி என் தாளை வாங்கிப் பார்த்தாள். "பாடுறவர்கிட்டதான் மைக் இருக்கணும்னு எங்கங்க போட்டிருக்கு? டிரம்ஸ்காரர்கிட்ட இருக்கு. நாங்க அப்பவே முடிச்சிட்டோம்."

"நானும் மொதல்ல அப்டித்தாண்ணா நெனச்சேன். அக்காதான் கண்டுபுடிச்சாங்க" என்றாள் அந்தப் பெண். "ஒக்காருங்கண்ணா, இன்னாத்துக்கு நின்னுகினே கீறீங்க?"

அவள் கேலி செய்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். உட்கார்ந்து ஒரு முறுக்கை எடுத்தேன். "என்னை ஏன் கூப்பிடல?" என்று மனைவியிடம் மெல்லக் கேட்டேன்.

"உங்ககூடப் போட்டா குறிப்பு வாசிக்கிறது மட்டும்தான் என் வேலை. இங்க பென்சில் என் கையில இருந்துச்சு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

கிழிந்த தாளை அவளிடமிருந்து வாங்கி மடித்துக்கொண்டேன்.

இப்போது மூவரும் சேர்ந்துதான் போடுகிறோம். கட்டம் வரைவது மனைவி. குறிப்பு வாசிப்பது நான். ஆனால் புதிர் வந்ததும் அவள் முதலில் பால்கனிக்குப் போய்க் கீழ் வீட்டைப் பார்த்துத்தான் குரல் கொடுக்கிறாள். நான் பக்கத்து அறையில்தான் இருக்கிறேன். ஒவ்வொரு ஞாயிறும் அது சுருக்கென்று தைக்கத்தான் செய்கிறது.